1966 லட்விக் செட்: எட்ஜைச் சீவுவதா, அப்படியே விடுவதா?

கிங்ஸ்டன்ரோடு66:
டொரொண்டோவில் ஒரு பெரியவரின் கராஜிலிருந்து அமெரிக்க லட்விக் கம்பெனியின் சூப்பர் கிளாசிக் டிரம் செட் வாங்கினேன். அங்குலக் கணக்கில் 22 பேஸ், 13 டாம், தரையில் நிற்கும் 16 ஃப்ளோர் டாம், நிறம் ஷாம்பெய்ன் ஸ்பார்க்கிள். உள்ளே வெள்ளை பெயிண்ட், அதன் மேல் 1966 என்று சிவப்பு முத்திரை. 13இல் புது ஹெட் (அடிக்கும் தோல்) சரியாக உட்காருகிறது. 16இல் பாதியிலேயே நின்றுவிடுகிறது, கையால் குத்தித்தான் இறக்க வேண்டும். ஹெட்டை இறுக்கும் திருகான டென்ஷன் ராட் நான்கைக் காணவில்லை. பேஸ் டிரம் மேல் இருக்கும் பழைய ரெயிலில் டாமை எனக்கு வேண்டிய கோணத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

கடையில் காட்டினேன். "எட்ஜை (ஹெட் படியும் மர விளிம்பு) 45 டிகிரிக்குச் சீவு, ரெயிலைக் கழற்றிவிட்டு ஓட்டை போட்டுப் புது மவுண்ட் மாட்டு, இரட்டைப் படல ஹெட் மாட்டு" என்றார்கள். நான் வாசிப்பது கல்யாண ரிசப்ஷன், கோயில் விழா. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வாங்கவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

சிங்கிள்ப்ளை:
தம்பி, முதலில் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்துங்கள்.

அந்தக் கால லட்விக் ஷெல், அதாவது டிரம்மின் உடல், மெல்லிய மூன்று அடுக்கு மரம். மேலும் கீழும் உள்பக்கம் ஒரு வளையம் ஒட்டியிருப்பார்கள், எட்ஜ் உருண்டையாக இருக்கும். ஹெட் கூர்முனையில் நிற்காமல் மரத்தின் மேல் கொஞ்சம் அகலமாகப் படிகிறது. அதனால்தான் 'டும்' என்று வந்து உடனே அடங்குகிறது. அந்தச் சத்தத்துக்குத்தானே காசு கொடுத்தீர்கள்? 45 டிகிரிக்குச் சீவினால் அந்த உருண்டை போய்விடும். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் கூர்மையான சத்தம் ஒன்று உங்களிடமும் இருக்கும், அவ்வளவுதான்.

ஹெட்: கோட்டட் அம்பாசடர், 10 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒற்றைப் படலம். மேலும் அதுவே, கீழும் அதுவே.

மேடைக்காரன்:
வீட்டு ஹாலில் உட்கார்ந்து 'டும்' கேட்பவர்களுக்கு இது சரி. திறந்த மேடையில் டாமுக்கு மைக் வைத்த பிறகு ஒற்றைப் படலம் போடும் 'ஙொய்ங்' சவுண்ட்காரருக்குத்தான் தெரியும். அவர் வந்து ஹெட் மேல் பாதி டேப் சுருளை ஒட்டிவிட்டுப் போவார். அதற்கு இரண்டு 7 மில் படலம் உள்ள எம்பரரை முதலிலேயே மாட்டிவிடலாம்.

எட்ஜ் விஷயமும் அப்படித்தான். அறுபது வருட மரம். எங்காவது பள்ளம் இருந்தால் எந்த ஹெட் போட்டாலும் சுருதி நிற்காது. நான் என் பழைய செட்டைச் சீவித்தான் வாசிக்கிறேன். யாரும் அழவில்லை.

சிங்கிள்ப்ளை:
பள்ளம் 'இருந்தால்'! பார்த்தாரா? சமமான கண்ணாடி மேல் ஷெல்லைக் கவிழ்த்து, அறை விளக்கை அணைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடம்தான் பள்ளம். கசியாவிட்டால் எதைச் சீவுவது?

ஹெட் இறங்காததற்கும் எட்ஜுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். 1950களின் கடைசியில் மைலார் பிளாஸ்டிக் வருவதற்கு முன் கன்றுத் தோலை நனைத்து வளையத்தில் சுற்றுவார்கள். மைலார் ஹெட்டின் வளையம் தொழிற்சாலையிலேயே இறுகி வருவது, வளைந்து கொடுக்காது. ஷெல் மேல் ஒட்டிய ராப் (நிற உறை) கொஞ்சம் தடித்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும். பழைய ஷெல்களுக்கென்றே சற்றுத் தளர்வாக அக்வேரியன் கம்பெனி 'அமெரிக்கன் வின்டேஜ்' ஹெட் செய்கிறது. ஹெட்டைத் திருகாமல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும்.

இரட்டைப் படலத்துக்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்த ஷெல்லில் தலையணையை அடித்த மாதிரி இருக்கும் என்பது என் காது. பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். சீவிய மரத்தையும் போட்ட ஓட்டையையும் அப்படிக் கழற்ற முடியாது. இந்தச் செட்டை விற்கப் போனால் முதல் கேள்வியே 'கூடுதல் ஓட்டை உண்டா?' என்பதுதான்.

வலந்தலை:
நான் மிருதங்கம், இங்கே வேடிக்கை பார்ப்பவன். எங்களிடம் மூட்டு எனும் தோல் பகுதியைத்தான் மாற்றிக்கொண்டே இருப்போம், கட்டை தாத்தா காலத்தது. அதனால் சிங்கிள்ப்ளை அண்ணன் பக்கம் ஒரு ஓட்டு.

ராட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் தம்பி இதே மாதிரி அமெரிக்க டிரம்முக்கு ஹார்டுவேர் கடையில் 5 மில்லிமீட்டர் போல்ட் வாங்கி மாட்டினான். முதல் இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போனது. இறுக்கும்போது, ராட் நுழையும் லக்குக்குள் இருந்த நட்டின் மரையைச் சீவிவிட்டது. லட்விக்கின் மரை 12-24, அங்குலத்துக்கு 24 சுற்று. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மேடைக்காரன்:
மிருதங்கத்தை மடியில் வைத்து வாசிக்கிறீர்கள். ஒரே நாளில் இரண்டு மண்டபத்துக்கு ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கட்டையைப் பற்றிப் பேசுங்கள்.

ராட் சரி. லக்கையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அடிக்கும்போது அது சிணுங்கும். சின்னத் துண்டு ஃபெல்ட்டைச் செருகினால் அடங்கிவிடும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

ஆனால் ரெயில்? கோணம் வராத டாமை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு போய்விடும். செட்டின் விலையை விட என் மணிக்கட்டு எனக்குப் பெரிது.

சிங்கிள்ப்ளை:
மணிக்கட்டு பெரிதுதான். அதற்கு ஓட்டை எதற்கு? 13 டாமை ஒரு ஸ்னேர் ஸ்டாண்டில் (ஸ்னேர் டிரம்மைத் தாங்கும் தனி முக்காலி) உட்கார வையுங்கள். எந்தக் கோணமும் வரும், ரெயிலும் இருந்த இடத்தில் இருக்கும்.

கிங்ஸ்டன்ரோடு66:
நேற்றிரவு சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் கவிழ்த்துப் பார்த்தேன். வெளிச்சம் எங்கும் கசியவில்லை. அப்புறம் ஹெட்டை வைத்து மெதுவாகச் சுற்றினேன். ஒரே இடத்தில்தான் பிடிக்கிறது. ராப்பின் இரண்டு முனையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் அந்தத் தையல் கோடு. அங்கே விரல் வைத்தாலே மேடு தெரிகிறது. ஆக எட்ஜைச் சீவும் பேச்சு முடிந்தது. தளர்வான ஹெட் ஆர்டர் போட்டாயிற்று, ராட்டும் 12-24.

13க்கு மேல் பக்கம் எம்பரர், கீழே அம்பாசடர். இரண்டு பேரும் மன்னிக்கவும்.

டாம் இப்போது ஸ்னேர் ஸ்டாண்டில். கோணம் அருமை. ஆனால் ஹைஹாட் (காலால் மிதிக்கும் ஜோடித் தாளம்) ஸ்டாண்டின் காலும் இதன் காலும் மோதிக்கொள்கின்றன.

மேடைக்காரன்:
அதைத்தான் சொன்னேன். மூன்று நிகழ்ச்சி வாசித்துவிட்டு வாருங்கள், டிரில் மெஷின் என்னிடம் இருக்கிறது.