கிராஃப் நூலகத்துக்குத் தமிழ்ப் பெயர்கள், வெள்ளி இரவுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிலரங்கு நடத்துகிறேன். தமிழ்வழி மாணவர்கள், பாடத்தில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. ஒரு சின்ன கிராஃப் நூலகம் (கிராஃப் என்றால் இங்கே புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும், நூலகம் என்றால் ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதிக் கையில் கொடுத்து, நம் ஊர்ப் பேருந்து வழிகளை அதில் ஏற்றி, எந்த வழி குறைந்த தூரம் என்று அவர்களையே கண்டுபிடிக்க வைக்கலாம் என்று எண்ணம். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இடைமுகம் முழுக்கத் தமிழில் இருக்கட்டும் என்று தொடங்கினேன். இப்போது இப்படி இருக்கிறது:

பேருந்து = கோட்டுரு()
பேருந்து.முனைசேர்("தஞ்சாவூர்")
பேருந்து.முனைசேர்("கும்பகோணம்")
பேருந்து.விளிம்புசேர்("தஞ்சாவூர்", "கும்பகோணம்", 40)
பேருந்து.படி("தஞ்சாவூர்")

கிராஃபுக்குக் கோட்டுரு, அதில் வரும் புள்ளியான வெர்டெக்ஸுக்கு (நோடு என்றும் சொல்வார்கள்) முனை, இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடான எட்ஜுக்கு விளிம்பு. விக்கிப்பீடியாவில் இருப்பதை எடுத்துக்கொண்டேன். எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. வெள்ளி இரவு கோப்புகளைப் பள்ளிக் கணினிகளில் ஏற்றிவிடுவேன், அதற்குள் சொல்லுங்கள்.

* * *

அன்புள்ள அம்மா,

கோட்டுரு நல்ல சொல், விடாதீர்கள். கோடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். டறஒற்று இரட்டும் என்கிற நன்னூல் விதிப்படி கோடு + உரு கோட்டுரு ஆகிறது. அதைவிட முக்கியம், கோடு என்றால் வெறும் வரைந்த கோடு மட்டும் இல்லை. மரக்கிளைக்கும் கோடு என்றுதான் பெயர். பூவை நால்வகையாகச் சொல்லும்போது கோட்டுப்பூ என்கிறோமே, அது கிளையில் பூப்பது. யானைக் கொம்பு கோடு, மலைமுகடு கோடு. ஆக கோட்டுரு என்றால் கிளைவிட்டுப் படர்ந்த உரு என்றும் பொருள் கொள்ளலாம். உங்கள் துறையில் மரம் என்று ஒரு வகை இருக்கிறதாமே, அதற்கும் பொருந்தும்.

ஆனால் முனை வேண்டாம். முனை என்றால் நுனி, ஊசிமுனை, போர்முனை. கோடுகள் கூடுகிற இடம் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் பிள்ளைகள் பார்த்த பொருள். கணு கண்ணிலிருந்து வந்தது. புறநானூற்றில் "கண்விடு தூம்பு" என்று வருவது கணுவைத் திறந்து செய்த மூங்கில் குழல்தான். இரண்டாயிரம் ஆண்டாகப் புழங்குகிற வேர், அதை விட்டுவிட்டு முனைக்குப் போக வேண்டியதில்லை.

* * *

> கோடுகள் கூடுகிற இடம் கணு

ஐயா, மன்னிக்க வேண்டும். மூங்கில் கணுவில் மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, இரண்டுதான் கூடும். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து கும்பகோணம், திருச்சி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, புதுக்கோட்டை என்று ஐந்தாறு பக்கம் பிரிகிறது. கணு என்றால் நேர்கோட்டில் வரிசையாக இருப்பவை என்றுதான் பிள்ளை நினைக்கும்.

அடுத்து, கண்விடு தூம்பில் கண் என்பது கணுதானா, குழலில் இட்ட துளையா? கண் திறந்த தூம்பு என்று படித்தாலும் பொருள் வருகிறதே.

எனக்குப் பெரிய சிக்கல் விளிம்பில்தான். கனசதுரத்துக்கு முகம், உச்சி, விளிம்பு என்று பள்ளியில் படித்தோம், அங்கே அது சரி, இரண்டு முகங்கள் சந்திக்கிற ஓரம். ஆங்கிலத்திலும் எட்ஜ் அங்கிருந்துதான் இங்கே வந்தது. ஆனால் தட்டின் விளிம்பு, கிணற்று விளிம்பு, விளிம்புநிலை மக்கள் என்று பேசுகிற தமிழில் இரண்டு ஊருக்கு நடுவே ஓடும் சாலையை விளிம்பு என்று எப்படிச் சொல்வது? அது எதன் ஓரம்?

* * *

தம்பி, கணுவில்தான் கிளை வெடிக்கும். மூங்கில் புதரை ஒரு முறை அருகில் போய்ப் பாருங்கள், ஒரு கணுவிலிருந்து நாலைந்து சிம்பு கிளம்பியிருக்கும். நிலத்தோடு படர்கிற வள்ளிக்கொடியில் கணுவுக்குக் கணு வேரும் விடும். இரண்டு என்று யார் கணக்கு வைத்தது?

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு.

இங்கே பள்ளிக் கணிதத்தில் சார்புக்குப் போடும் கிராஃப் வரைபு. தமிழ்நாட்டில் அதையே வரைபடம் என்கிறீர்கள், மேப்புக்கும் வரைபடம் என்கிறீர்கள். எங்களுக்கு மேப் தேசப்படம். ஆகவே வரைபு, வரைபடம் இரண்டையும் தொடாமல் விட்டது சரி. கோட்டுரு இரண்டு கரைக்கும் பொது.

அதோடு ஒன்று. அடுத்து நீங்கள் அட்ஜசென்சி மேட்ரிக்ஸுக்கு, அதாவது எந்த முனைக்கு எது அண்டை என்று காட்டும் எண் கட்டத்துக்கு, வருவீர்கள். எங்களுக்கு மேட்ரிக்ஸ் தாயம். உங்கள் கணிதப் புத்தகத்தில் அது அணி, உங்கள் கணினிப் புத்தகத்தில் மதிப்புகளை வரிசையாக வைக்கும் அர்ரேயும் அணி. ஒரே மாணவர் காலையில் கணித வகுப்பில் ஓர் அணியும் மாலையில் கணினி வகுப்பில் வேறோர் அணியும் படிக்கிறார். அண்டை அணி என்று நீங்கள் எழுதினால் எதை நினைப்பார்? தாயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கட்டம் போட்டு ஆடுகிற விளையாட்டுப் பெயர் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்கும் உடனே படம் வரும்.

* * *

தாயம் இங்கே சூதாட்டத்தை நினைவூட்டும். ஆனால் அணி இரட்டிப்பது உண்மையான தொல்லை, சொன்னதற்கு நன்றி.

இன்னொன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அணிகளுக்கும் கட்டுருக்களுக்கும் சேர்த்து ஒரு பாடம். கட்டுரு என்பது ஸ்ட்ரக்சர், பல வகைத் தரவுகளை ஒரே பெயரில் கட்டிவைப்பது. கட்டுரு, கோட்டுரு என்று கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், பின்வரிசையிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். எதற்கு இந்தப் பாடு? கிராஃப், நோடு, எட்ஜ் என்று தமிழ் எழுத்திலேயே வைத்துவிடலாம். நாளை வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

* * *

நான்தான், பயிலரங்கு நடத்துபவள்.

கிராஃப் என்றே வைத்து ஒரு முறை நடத்தியும் பார்த்தேன். பத்து நிமிடம் பேசிய பிறகு ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எக்ஸ் அச்சு எது, ஒய் அச்சு எது?" என்று கேட்டாள். அவள் மேல் குற்றமே இல்லை. கிராஃப் தாள், கிராஃப் கணக்கு என்று ஆறு வருடமாக வேறொன்றுக்குச் சொல்லிக்கொடுத்த சொல். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நான் நிற்பது தூய்மைக்காக இல்லை, அந்தக் கேள்விக்காக.

ஆங்கிலத்திலும் இது தற்செயலாக ஒட்டிய பெயர்தான். கணித மேதை ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறை கடந்து நடக்க முடியுமா என்ற புதிரை எடுத்துக்கொண்டபோது கிராஃப் என்ற சொல்லே இந்தப் பொருளில் கிடையாது. 1878-இல் சில்வெஸ்டர் என்ற கணிதர், வேதியியலார் மூலக்கூறுகளை வரைகிற முறையைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். அணுக்களும் அவற்றை இணைக்கிற கோடுகளும். அவருக்குக் கண்முன் இருந்த படத்திலிருந்து அவர் பெயர் எடுத்த மாதிரி நாமும் எடுக்கலாமே.

* * *

கண்முன் இருக்கிற படம் என்றால் கோலம் இருக்கிறதே அக்கா! புள்ளி, இழை. மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் இருந்தவர்களும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

* * *

கோலம் எனக்கும் மிகப் பிடித்த எடுத்துக்காட்டு, ஆனால் இங்கே ஏமாற்றிவிடும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். அதைக் கோட்டுருவாகப் பார்த்தால் இழைகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் முனை, புள்ளி வெறும் நடுவெளி. ஒவ்வொரு வெட்டிலும் நான்கு கோடு கூடுவதால் எல்லாம் இரட்டைப்படை, கோலம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்காத வரை ஆய்லர் சொன்னபடி கையெடுக்காமல் ஒரே சுற்றில் போட்டுவிடலாம். ஆனால் பாட்டி போடும் ஒற்றை இழைக் கோலத்துக்கு நிபந்தனை இன்னும் கடினம், வெட்டுகிற இடத்தில் திரும்பாமல் நேராகவே போக வேண்டும். அதைத் தனி வகுப்பாகவே எடுக்கலாம். புள்ளி என்று பெயர் வைத்தால் மட்டும் அந்த வகுப்பே கெட்டுவிடும்.

* * *

வலை என்று யாரும் சொல்லும் முன் நான் சொல்லிவிடுகிறேன், கடற்கரை ஊர்க்காரன். வலையில் முடிச்சு என்பது நூல் சேரும் இடம், கண் என்பது நடுவில் இருக்கிற ஓட்டை. சின்னக் கண் வலை, பெரிய கண் வலை என்று ஓட்டையின் அளவைத்தான் சொல்வோம். கண்ணிலிருந்து கணு, கணுவிலிருந்து நோடு என்று போனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது தலைகீழ். முடிச்சு இருக்கட்டுமே?

* * *

முடிச்சு என்றால் அவிழ்க்க வேண்டியது, போடுகிற செயலும் அதிலேயே ஒட்டியிருக்கிறது. கணுவை யாரும் போடுவதில்லை, அது தானாக இருப்பது. மீண்டும் கணுவையே சொல்கிறேன்.

* * *

மூன்று நாளாகப் பெயர்ச்சொல்லிலேயே சுற்றுகிறோம். டீச்சர் கொடுத்த ஐந்து வரியில் இதைவிடப் பெரிய ஓட்டை வினையில் இருக்கிறது, யாரும் தொடவில்லை.

முனைசேர். இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது, அதுவரை சரி. ஆனால் சேர் என்ற ஏவலுக்குத் தன்வினையும் உண்டு, பிறவினையும் உண்டு. ஊரைச் சேர்ந்தான், ஊரைச் சேர்த்தான் என்று காலம் காட்டும்போது பிரிகிறது, ஏவலில் பிரியவே இல்லை. முனைசேர் என்றால் புதிய முனையைச் சேர் என்றும் படிக்கலாம், அந்த முனையைப் போய்ச் சேர் என்றும் படிக்கலாம். வேறு நூலகமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம், இது வழி தேடுகிற நூலகம்! நீங்கு, நீக்கு மாதிரி உருவத்திலேயே பிரிகிற வினையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

படி இன்னும் மோசம். ஒரு முனையில் எத்தனை கோடு கூடுகிறது என்று சொல்லும் டிகிரிக்குக் கணிதத்தில் படி சரிதான். நிரலில் புள்ளிக்குப் பிறகு படி என்று வந்தால் எந்தப் பிள்ளையும் வாசி என்றுதான் எடுத்துக்கொள்ளும், நாளைக்கே கோப்பைப் படிக்கிற செயற்கூறு ஒன்று தேவைப்படும். இணைப்பு + எண் என்று சேர்த்து இணைப்பெண் ஆக்கலாம் என்று நினைத்தேன், அதை இணை + பெண் என்றும் பிரிக்கலாம், வகுப்பில் வேண்டாம். இணைப்புகளின்_எண்ணிக்கை என்று நீளமாகவே வைத்துவிடுங்கள். நீளம் ஒரு குற்றமில்லை.

என் யோசனை இது. வினையை முன்னால் நிறுத்தினால் எட்ஜுக்கு அடிக்கடி பெயரே தேவைப்படாது:

பேருந்து.முனை_இடு("தஞ்சாவூர்")
பேருந்து.இணை("தஞ்சாவூர்", "கும்பகோணம்", 40)
பேருந்து.துண்டி("தஞ்சாவூர்", "கும்பகோணம்")

மின் இணைப்பைத் துண்டித்தார்கள் என்று வீட்டில் பேசுகிற அதே சொல். இணை, துண்டி என்று சத்தமாக வாசித்தால் தமிழாகவே இருக்கிறது.

* * *

இணை, துண்டி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விளிம்பு என்ற சொல் இல்லாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நடைமுறையில் ஒரு கேள்வி. இடாத ஊருக்கு இணை என்று சொன்னால் நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் கிராஃப் நூலகம் மாதிரி தானாக அந்த முனையை உருவாக்கிவிடலாமா? பிள்ளைகளுக்கு ஒரு வரி மிச்சம்.

* * *

கூடாது, கட்டாயம் பிழை காட்ட வேண்டும். தமிழில் இதற்குத் தனிக் காரணமே இருக்கிறது. கொரடாச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொ என்பதில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் வரலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. மாறிப் பெயர் என்றால் பைத்தானே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கிற சரத்தை அது தொடாது. ஒரு பிள்ளை ஒரு விசைப்பலகையிலும் பக்கத்துப் பிள்ளை வேறொன்றிலும் தட்டினால் உங்கள் கோட்டுருவில் இரண்டு கொரடாச்சேரி இருக்கும், ஒன்றுக்குப் பேருந்தே போகாது. தானாக உருவாக்கினால் அது ஒரு மணி நேரத்துக்கு யார் கண்ணிலும் படாது. முனை_இடு உள்ளே வரும் பெயரை முதலில் யுனிகோடு முறைப்படி ஒருமைப்படுத்துங்கள், இணை, துண்டி இரண்டிலும் அதையே செய்யுங்கள். ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டினால் மட்டும் இதுவும் காப்பாற்றாது, அதை வகுப்பில் வாயால்தான் சொல்ல வேண்டும்.

* * *

வெள்ளி, இரவு பத்தரை.

கோப்புகளை ஏற்றிவிட்டேன். கோட்டுரு, முனை, முனை_இடு, முனை_நீக்கு, இணை, துண்டி, அண்டைகள், இணைப்புகளின்_எண்ணிக்கை. மேட்ரிக்ஸை இந்த முறை தொடவில்லை. முனை_நீக்கு அந்த முனையின் இணைப்புகளையும் சேர்த்தே எடுத்துவிடும். கணு கேட்ட ஐயாவுக்கு: நூலகத்தில் முனைதான், ஆனால் முதல் மணி நேரத்தில் கரும்பு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி இரண்டு சொல்லையும் சொல்லப்போகிறேன், பிள்ளைகள் எதை வாயில் எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

* * *

கரும்பு கொண்டுபோவது நல்லது அம்மா. முனைக்கு நான் இன்னும் ஒப்பவில்லை.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து மீண்டும். தாமதம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்ஜை இணைப்பு என்று வைத்துவிட்டீர்கள். எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் எப்படியாவது போய்விட முடிகிற கனெக்டட் கிராஃபுக்கு என்ன சொல்வீர்கள்? இணைந்த கோட்டுரு என்றுதான் வாய் போகும். பட்டுக்கோட்டைக்கும் கும்பகோணத்துக்கும் உங்கள் கோட்டுருவில் நேரடி இணைப்பு இல்லை என்று வையுங்கள், தஞ்சாவூர் வழியாகப் போய்விடலாம். அப்போது அவை இணைந்தவையா, இணையாதவையா? விளிம்பு எவ்வளவு பொருந்தாவிட்டாலும் இந்தக் குழப்பத்தைத் தராது.

* * *

அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பாடம் ஞாயிறு பிற்பகல்தான் வருகிறது. கோப்பைத் திருத்த மதிய உணவு இடைவேளை இருக்கிறது. யாருக்காவது சொல் கிடைத்தால் அதற்குள் எழுதுங்கள்.