வேர் குளிர்ந்தால் பீன்ஸ் இலையில் மாவுச்சத்து ஏறுவது ஏன்?

வேர்நுனி:
குத்துபீன்ஸ், அர்க்கா கோமல் ரகம். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வெளிச்சம், காற்று 26 டிகிரி. தொட்டியின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் முங்கியிருக்கிறது: 15, 24, 34 டிகிரி என மூன்று. இரண்டு வாரத்தில் 15-இல் உள்ளவை குட்டை. இலை சிறிது, தடிப்பு, கரும்பச்சை. அயோடினில் அவைதான் அதிகம் கறுக்கின்றன. 34-இல் உள்ளவை வெளிறி, வேர் பழுப்பேறிக் கிடக்கின்றன. மாவுச்சத்து நிறைந்த செடி ஏன் வளரவில்லை? அளவெடுப்பதில் தவறா?

கரிசல்மண்:
தவறில்லை. குளிரில் முதலில் படுப்பது வளர்ச்சிதான், ஒளிச்சேர்க்கை அல்ல. இலை 26-இல் சர்க்கரை செய்துகொண்டே இருக்கிறது. 15-இல் வேர்நுனியில் செல் பிரிவதும் சுவாசமும் மந்தம். சரக்கு வாங்க ஆளில்லை. தேங்கியது இலையிலேயே மாவாகிறது. நாளானால் அந்தத் தேக்கமே ஒளிச்சேர்க்கையையும் பிடித்து நிறுத்தும்.

இலை சிறுப்பதற்குத் தண்ணீரும் காரணம். குளிர்ந்த வேரின் சவ்வு தண்ணீரைச் சரியாக விடாது. மண் ஈரமாக இருக்கும்போதே உச்சிவெயிலில் இலை தொங்கும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் வேரழுகல்தான்.

34-இல் கதை தலைகீழ். 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பு. வந்த சர்க்கரை வேரிலேயே எரிந்துபோகிறது. ஆனால் வெளிறலுக்கு வெப்பத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பீன்ஸ் வேர்முடிச்சு 30-க்கு மேல் திணறும். அது தழைச்சத்துக் குறையாகவும் இருக்கலாம்.

தொட்டிச்செடி:
இலையை எப்போது கிள்ளினீர்கள்? மாலையில் எந்த இலையும் கறுக்கும். மாவு பகலில் சேர்ந்து இரவில் கரையும். அந்தி சாயும்போது ஒன்று, விடியும் முன் ஒன்று எடுங்கள். விடியலிலும் கறுத்தால்தான் தேக்கம்.

இலையைக் கொதிநீரில் 1 நிமிடம் போட்டு, பிறகு ஆல்கஹாலில் நிறம் போகும்வரை சூடாக்கி, வெந்நீரில் அலசி, அயோடின் விடவும். ஆல்கஹாலை நேரடித் தீயில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள்.

மலைச்சாரல்:
வெப்பமானி எங்கே இருக்கிறது? தண்ணீரில் என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். தொட்டிக்குள் 5 செ.மீ. ஆழத்தில் செருகுங்கள். மேல்மண்ணைத் தெர்மோகோலால் மூடாவிட்டால் காற்றின் சூடு இறங்கிவிடும். நேரடியாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் அந்தந்தத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஊற்றவும்.

விதையை மூன்று வெப்பத்தில் முளைக்க வைத்தீர்களா? அப்படியானால் ஒப்பிடுவது செடிகளின் வயதைத்தான். எல்லாவற்றையும் 25-இல் முளைக்கவைத்து, முதல் ஜோடி இலை விரிந்த பிறகு பிரிக்க வேண்டும். பீன்ஸ் எடுத்தது நல்லது. நுனிமொட்டு மண்ணுக்கு மேலே இருக்கிறது. இளம் மக்காச்சோளத்தில் அது மண்ணுக்குள் கிடப்பதால் வேரோடு சேர்ந்து மொட்டும் குளிரும், எது காரணம் என்று பிரிக்க முடியாது.

உலர்எடைக்கு வேர், தண்டு, இலையைத் தனித்தனியாக 70 டிகிரி அடுப்பில் உடனே வையுங்கள். நிழலில் காயப்போட்டால் செல் சாகும்வரை சுவாசித்துச் சர்க்கரையைத் தின்றுவிடும்.

வேர்நுனி:
தழைச்சத்துக் குறைதானா என்று அறிய, 34-க்கு மட்டும் நைட்ரேட் உரம் கொடுத்துப் பார்க்கலாமா?

கரிசல்மண்:
கூடாது, மூன்றுக்கும் ஒரே அளவு. லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட், வாரம் இருமுறை. 34-இல் பச்சை திரும்பியும் வேர் எடை ஏறவில்லை என்றால் மிச்சம் வெப்பத்தின் வேலை.