எம்.ஆர்.ஐ. மறுத்த இன்சூரன்ஸ் மேல் டெக்சாஸ் கோர்ட்டில் கேஸ் போட முடியாதா?

டாலஸ்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் என் கணவருக்கு இடுப்புவலி வந்து வலது காலில் இறங்கியது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். இன்சூரன்ஸ்காரர்கள் "முதலில் ஆறு வாரம் பிசியோதெரபி" என்று மறுத்துவிட்டார்கள். நான்காவது வாரம் ஒருநாள் காலையில் செருப்பு காலில் நிற்கவில்லை, பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. எமர்ஜென்சி, அன்றே ஆபரேஷன். இன்றைக்கும் ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துத்தான் நடக்கிறார், கார் ஓட்டுவதில்லை. அப்புறம் ரீஹேப்பில் இருந்த ஆறு நாளும் தேவையில்லாதது என்று சொல்லி 14,200 டாலர் பில்லை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதினேன், "எங்கள் அதிகாரத்துக்குள் வராது" என்று பதில். இரண்டு வக்கீல்கள் "எரிசா" என்று ஒரு வார்த்தை சொல்லி போனை வைத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பிளேனோ மாமா:
சிகிச்சையை மறுத்த இன்சூரன்ஸ் மேல் நஷ்டஈடு கேஸ் போட என்றே டெக்சாஸில் 1997-ல் சட்டம் வந்ததே! வேறு வக்கீலைப் பாருங்கள்.

பெனிஃபிட்ஸ்காரன்:
மாமா, அந்தச் சட்டம் இந்த இடத்தில் கைகொடுக்காது. நான் வக்கீல் இல்லை, கம்பெனி பெனிஃபிட்ஸ் வேலையில் 17 வருஷம்.

அக்கா, உங்கள் இன்சூரன்ஸ் கார்டில் டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. (மாநில இன்சூரன்ஸ் துறையின் கீழ் வரும் பிளான் என்பதன் அடையாளம்) என்று எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் அநேகமாக செல்ஃப் ஃபண்டட் பிளான். பணம் கணவரின் கம்பெனியுடையது, கார்டில் லோகோ போட்டவர்கள் கிளெய்ம் பார்ப்பவர்கள் மட்டும். மாநிலத் துறை ஒதுங்கியது அதனால்தான்.

ஆனால் டி.டி.ஐ. இருந்தாலும் நஷ்டஈடு கேஸ் நிற்காது. மாமா சொல்லும் சட்டத்தை வைத்து டவிலா என்பவர் போனார். டாக்டர் எழுதிய வயாக்ஸ் என்ற வலி மாத்திரைக்கு ஏட்னா என்ற இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. வேறு மாத்திரை சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார். 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்கு ஒன்பது அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வேலை வழியாக வரும் பிளானில் மறுப்பைப் பற்றிய வழக்கு என்றால் 1974-ன் எரிசா என்ற ஃபெடரல் சட்டத்தில் உள்ள வழிதான், மாநிலச் சட்டம் விலகிக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. (மாமா சொல்லும் அந்த டெக்சாஸ் சட்டத்தை 2000 தேர்தலில் புஷ் பெருமையாகப் பேசினார். டெக்சாஸ் ஆளுநராக இருந்தபோது அதில் கையெழுத்தே போடவில்லை. ஜனாதிபதியானதும் அவர் அரசாங்கம் இன்சூரன்ஸ் பக்கம் நின்றது.)

எரிசாவில் கிடைப்பது பிளான் தரவேண்டிய பணம், ஜட்ஜ் மனசு வைத்தால் வக்கீல் செலவு. அதாவது அந்த 14,200-க்கு வழி உண்டு. காலுக்கும் போன சம்பளத்துக்கும் வலிக்கும் ஒன்றும் கிடையாது. வக்கீல்கள் போனை வைத்ததன் கணக்கு இதுதான்.

கணவர் அரசுப் பள்ளியிலோ சர்ச்சிலோ வேலை பார்த்தால் கதையே வேறு, அங்கே பொதுவாக எரிசா வராது.

டாலஸ்வாசி:
இல்லை தம்பி, தனியார் கம்பெனிதான். அப்போ நான் என்ன செய்வது?

பெனிஃபிட்ஸ்காரன்:
முதலில் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். அப்பீலுக்கு 180 நாள். அதைத் தவறவிட்டால் கோர்ட் வாசலும் மூடின மாதிரிதான்.

பிளான் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு, அதாவது பெரும்பாலும் கம்பெனிக்கே, எழுத்தில் கேளுங்கள்: பிளான் டாக்குமெண்ட் முழுசாக வேண்டும். 30 நாளில் தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் போட ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. மறுப்புக்கு அவர்கள் பார்த்த கிளெய்ம் ஃபைலையும் கேளுங்கள், அது இலவசம்.

ரொம்ப முக்கியம்: ரீஹேப் டாக்டரின் கடிதம், பிசியோ குறிப்புகள், பாதம் விழுந்த தேதி, எல்லாவற்றையும் அப்பீலிலேயே திணித்துவிடுங்கள். ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி கிடையாது, ஜட்ஜ் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஃபைலைத்தான். அப்பீலும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி டாக்டர் ரிவ்யூ கேட்கலாம். கோர்ட்டை விட அதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

டாலஸ்வாசி:
கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், டி.டி.ஐ. இல்லை. கடிதத்தில் மார்ச் 11. இன்றோடு 131 நாள். ரீஹேப் டாக்டரிடம் திங்கட்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்தது. காலுக்கு ஒன்றும் கிடையாது என்பதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.