சீட் டே, மறுநாள் பட்டினி: இது ஜிம் பழக்கமா, நோயா?

புதுவரவு:
விடுதி அறைத்தோழனுக்கு வயது 20. காலையில் ஓட்டம், மாலையில் ஜிம். ஆறு நாள் உணவை எடைபோட்டுச் சாப்பிடுகிறான், ஏழாம் நாள் 'சீட் டே' (உணவுக் கட்டுப்பாட்டுக்கு விடுமுறை) என்று நிறுத்த முடியாமல் மூச்சுமுட்டத் தின்கிறான். மறுநாள் பட்டினி, கார்டியோ இரட்டிப்பு. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். கவலைப்பட வேண்டுமா?

கல்தூண்:
வேண்டும். அளவில்லாமல் தின்றுவிட்டு அதை ஈடுகட்டத் துடிக்கும் உணவுக் கோளாறுக்குப் புலிமியா என்று பெயர். வாந்தி எடுத்தால்தான் புலிமியா என்று பலர் நினைக்கிறார்கள். தின்றதை ஈடுகட்டப் பட்டினி கிடப்பதும் அளவுமீறி உடற்பயிற்சி செய்வதும் அதில் சேர்த்தி. வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அந்தக் கோணத்தில் பார்ப்பார்கள். ஜிம்மில் எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஒருநாள் தவறினால் என்ன ஆகிறான் என்று கவனியுங்கள். காய்ச்சலோடும் வீங்கிய முழங்காலோடும் போகிறான் என்றால் அது பழக்கம் இல்லை.

இத்தனை தசை இருந்தும் 'நான் ஒல்லி' என்று சட்டைக்கு மேல் சட்டை போடுபவர்கள் வேறு ரகம். அதற்கு மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர்.

எண்கணக்கு:
ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எடை 70 கிலோ, கொழுப்பு 15% என்றால் கொழுப்பில்லாத எடை சுமார் 60 கிலோ. 2000 கலோரி சாப்பிட்டு 700 கலோரியைப் பயிற்சியில் எரித்தால் மிச்சம் 1300. கொழுப்பில்லாத எடையில் கிலோவுக்கு 22 கலோரிகூட வராது. அது 30 கலோரிக்குக் கீழே போனால் உடம்பு செலவைக் குறைக்கும்: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், விடியற்காலை விறைப்பு நிற்கும், எலும்பில் விரிசல் விழும். தசைக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்.

இரவுப்பணி:
அந்த 30 கலோரி என்பது பெண்களிடம் ஆய்வு செய்து வந்த எண். ஆண்களுக்குக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை, அறிகுறிகளை நம்புங்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐயையும் நம்ப வேண்டாம், தசை அதை மறைத்துவிடும்.

படுத்திருக்கும்போது நாடி எண்ணுங்கள், எழுந்து நின்றதும் மறுபடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடினாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனை. சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அப்படியே. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். ஈசிஜியும், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட வைக்காதீர்கள், பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறலாம்.

பேசும்போது உடம்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 'இளைச்சுட்டே' என்றால் பாராட்டாக எடுத்துக்கொள்வான், 'தேறிட்டே' என்றால் அன்று ராத்திரிச் சாப்பாடு போச்சு. 'தூக்கமே இல்லை, எரிந்து விழறே, டாக்டரிடம் கூட வரட்டுமா?' என்று கேளுங்கள்.