டோரியன் கிரே: வைல்ட் எழுதியபடியே படிக்க எந்தப் பதிப்பு?

கேள்வி:
ஆஸ்கர் வைல்டின் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுத்திருக்கிறோம். கடைகளில் கிடைப்பது 1891ஆம் ஆண்டின் 20 அத்தியாயப் பதிப்பு. வைல்ட் முதலில் இதழுக்கு அனுப்பிய தட்டச்சுப்படியிலிருந்து நிக்கலஸ் ஃப்ராங்கெல் பதிப்பித்த, தணிக்கைக்கு முந்தைய பாடத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011இல் வெளியிட்டதாக அறிகிறோம். வைல்ட் எண்ணியபடி அமைந்த பாடம் எது?

பதில் 1:
தட்டச்சுப்படியே என்பேன். நாவலை முதலில் வெளியிட்ட அமெரிக்க இதழான ‘லிப்பின்காட்ஸ்’இன் ஆசிரியர் ஸ்டோடார்ட், வைல்டுக்குத் தெரியாமலேயே ஏறத்தாழ 500 சொற்களை வெட்டிவிட்டுத்தான் 1890 ஜூலை இதழில் நாவலை அச்சிட்டார். ஆண்களுக்கிடையிலான ஈர்ப்பைத் தொட்ட வரிகளும், நடிகை சிபில் வேனை டோரியனின் ஆசைநாயகியாகச் சுட்டிய இடங்களும் போயின. டோரியனைக் கெடுக்கும் மஞ்சள் புத்தகத்துக்கு வைல்ட் கற்பனையாக ஒரு தலைப்பும் ஆசிரியர் பெயரும் சூட்டியிருந்தார், அவையும் தப்பவில்லை. ஆசிரியரைக் கேளாமல் பிறர் நீக்கியதைத் திரும்பச் சேர்ப்பது அவருக்குச் செய்யவேண்டிய நியாயம்.

பதில் 2:
அந்த வெட்டுகளைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. ஆனால் 1891 பதிப்பும் வைல்டின் கையால் ஆனதே. 6 புதிய அத்தியாயங்களை எழுதி, சிபிலுக்காகப் பழிவாங்க வரும் தம்பி ஜேம்ஸ் வேனைப் படைத்து, கொலை நிகழும் இரவில் 32ஆம் பிறந்தநாளை எதிர்நோக்கியிருந்த டோரியனை 38ஐ எதிர்நோக்குபவனாக மாற்றியவர் அவரே. இவற்றைத் தணிக்கை என்று ஒதுக்க முடியாது. சிக்கல் ஓவியர் பேசிலின் வாக்குமூலத்தில்தான் இருக்கிறது. நண்பனிடம் ஒருவர் வழக்கமாகக் கொள்வதைவிட மிக அதிகமான காதலுணர்வை உன்மீது கொண்டேன் என்று இதழில் டோரியனிடம் சொன்னவர், நூலில் கலைஞனின் இலட்சிய வழிபாடாக அதைப் பேசுகிறார். பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கி, டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் இதழை விற்பனையிலிருந்து விலக்கிய பிறகு நேர்ந்த மாற்றம் இது. குவீன்ஸ்பெரி பிரபுமீது வைல்ட் தொடுத்த 1895 அவதூறு வழக்கில், பிரபுவின் வழக்கறிஞர் கார்சன் இதழ்ப் பாடத்தையே எடுத்துக்கொண்டு, நூலைக் களையெடுத்த பதிப்பு என்று குறிப்பிட்டதையும் நினைக்கவேண்டும். அஞ்சித் திருத்திய வரியையும் கலைக்காகத் திருத்திய வரியையும் பதிப்பாசிரியர் எப்படிப் பிரிப்பார்?

பதில் 1:
முழுமையாகப் பிரிக்க இயலாதுதான். அதனாலேயே இரண்டையும் கலந்து மூன்றாவது பாடம் ஒன்றை உருவாக்காமல், தட்டச்சுப்படியைத் தனி நூலாக வெளியிட்டதை மதிக்கிறேன். வட்டத்தில் 1891 பதிப்பை முழுதாகப் படியுங்கள். பேசிலின் வாக்குமூலம் இடம்பெறும் அதன் 9ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது மட்டும், ஹார்வர்டு பதிப்பின் 7ஆம் அத்தியாயத்தை அருகில் வைத்து இருவர் மாறி மாறி உரக்க வாசிக்கலாம்.