ஓடும்போதே கார் ஆஃப் ஆகிறது, ஆனால் ரீகாலில் என் வண்டி இல்லையாம்! உதவுங்கள்

பாலக்கோட்டான்:
2019 பெட்ரோல் கார். போன வருஷம் ஓசூரில் ஒருவரிடம் வாங்கினேன். போன வாரம் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக் இரண்டு மிதி பிடித்தது, மூன்றாவதில் பெடல் கட்டை மாதிரி நின்றது. பின்னால் கிரானைட் லாரி வேறு. கைபிரேக்கை மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது! பேட்டரி என்று நினைத்து அதையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

இந்த மாடலுக்கு, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்புக்காக ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) உண்டாம். கம்பெனி தளத்தில் சேசிஸ் நம்பர் போட்டால் 'உங்கள் வண்டி இதில் வராது' என்கிறது. சர்வீஸ் சென்டரில், "நீங்க செகண்ட் ஓனர், வாரண்டியும் முடிஞ்சுபோச்சு, பத்தாயிரம் ஆகும்" என்கிறார்கள். கட்டிவிடவா?

மாங்கனி நகரம்:
பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். பங்க்கை மாற்றிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:
தண்ணீர் என்றால் சூடு ஆறியதும் சரியாகாது. தம்பி, பணம் கட்டாதீர்கள். பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒரு பிளாஸ்டிக் சக்கரம் சுற்றும். அது பெட்ரோலை உறிஞ்சி உப்பினால் கூட்டில் உரசி நின்றுவிடும். 2020 முதல் பல நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு இதே கோளாறுதான்.

எஞ்சின் நின்றால் பிரேக் மிதியை லேசாக்கும் வாக்குவம் (உறிஞ்சு விசை) வராது. மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹசார்டு லைட்டைப் போடுங்கள். சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். பம்ப் மாற்றும் வரை கணவாய்ப் பக்கமே போக வேண்டாம்.

தருமபுரி வக்கீல்:
ரீகால் சேசிஸோடு போகிற விஷயம். ஓனர் மாறினாலும் வாரண்டி முடிந்தாலும் ரீகால் வேலை இலவசம்தான். ரீகால் கடிதம் பழைய ஓனரின் ஓசூர் முகவரிக்குப் போயிருக்கும். வாய்ப்பேச்சு வேண்டாம், 'எஞ்சின் ஓட்டத்தில் அணைகிறது' என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் புகாரைப் பதியும் சீட்டு) எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். மசியவில்லை என்றால் 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவில் அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும், ஆனால் அதற்கான விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான்.

ஒரு சந்தேகம்: சேசிஸ் நம்பரை எதைப் பார்த்து அடித்தீர்கள்?

பாலக்கோட்டான்:
ஆர்.சி.யின் ஜெராக்ஸைப் பார்த்துங்க. எழுத்து கொஞ்சம் மங்கல்.

தருமபுரி வக்கீல்:
பதினேழு இலக்கத்தில் ஐ, ஓ, க்யூ எழுத்துகளே வராது. ஓ அடித்திருந்தால் அது பூஜ்யம். பானெட்டைத் திறந்து வண்டியில் பொறித்திருப்பதையே பாருங்கள்.

பாலக்கோட்டான்:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான்! பூஜ்யம் போட்டதும் ரீகாலில் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன், அதே அட்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது, பில் பூஜ்யம். ஆனால் அந்தப் பேட்டரி காசை யாரிடம் கேட்பது?

பழைய ஸ்பேனர்:
அது போனது போனதுதான் தம்பி. புது பேட்டரிக்கு வாரண்டி கார்டாவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?