ஊடுருவா அளவீடு, நாடி அலை வேகம்: சொல் உதவி வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
செவிலியர் மாணவர்களுக்கான கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. தமனியின் மீட்சித்தன்மையை ஊசி குத்தாமல் அளக்கும் பகுதியில் நிற்கிறேன். கழுத்தில் ஓர் உணரி, தொடையிடுக்கில் ஓர் உணரி. துடிப்பின் அலை இரண்டு இடங்களுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தால் இடைத்தூரத்தை வகுக்கிறோம். தமனி இறுக இறுக அலை விரைந்தோடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். "ஊடுருவா அளவீடு", "நாடி அலை வேகம்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

"ஊடுருவா" வேண்டாம் ஐயா. மீயொலி (அல்ட்ராசவுண்ட்) உள்ளே ஊடுருவித்தானே தமனிச் சுவரைக் காட்டுகிறது? நாம் தவிர்ப்பது ஊசியையும் கத்தியையும். "துளையிடா" என்றால் நோயாளிக்கும் புரியும்.

---

தமனியே வடசொல். ஊதுதல் என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கரின் ஆர்ட்டீரியாவும் முதலில் மூச்சுக்குழாய்தான். காற்றோடும் குழாய் என்ற பழைய பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நாடி நம் சொல். "நோய்நாடி நோய்முதல் நாடி" என்றாரே வள்ளுவர்.

---

அண்ணா, குறளில் வருவது 'ஆராய்ந்து' என்ற பொருளில் வினையெச்சம். கையில் பிடித்துப் பார்க்கும் நாடி வேறு. அதுவும் வடமொழி நாடீதான். அப்புறம், எங்கள் இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றாலே தமனி, நாளம் என்றால் சிரை. "நாடி அலை" எப்படியோ இரு பக்கமும் பொருந்திவிடும். அடுத்த பக்கத்தில் "நாடி விறைப்பு" வந்தால், நாடியைத் துடிப்பு என்றே அறிந்த மதுரை மாணவி என்ன செய்வாள்? "துடிப்பலை வேகம்" என்றால் இரு கரைக்கும் ஒன்றே.

---

துடிப்பலைக்கு என் ஆதரவு. விறைப்பையும் விடாதீர்கள், இயற்பியலில் விறைப்புக் குணகம் ஏற்கெனவே இருக்கிறது. 1878இல் வந்த மோன்ஸ்–கோர்ட்டவெக் சமன்பாட்டில் அலைவேகத்தின் இருமடி, சுவரின் யங் குணகத்துக்கு (நீட்டினால் சுவர் எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவுக்கு) நேர்விகிதம். அந்தத் தாமஸ் யங் ஒரு மருத்துவர். 1808இலேயே இதயமும் தமனிகளும் இயங்கும் விதம் பற்றி லண்டனில் உரையாற்றியவர். இரு துறைக்கும் ஒரே சொல் இருப்பதுதான் முறை.

---

வார்டில் "விறைப்பு" என்றால் கை கால் விறைப்பது என்றே எடுத்துக்கொள்வார்கள். இறுக்கம் போதும். துளையிடா அளவீடு, துடிப்பலை வேகம், தமனி இறுக்கம் என்று போட்டு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

---

முதல் இரண்டும் சரி. தமனிக்கு நான் இன்னும் உடன்படவில்லை. "குருதிக்குழாய்" என்றாவது போடுங்கள்.

---

சிரையும் குருதிக்குழாய்தானே அண்ணா?